சின்ன கம்பெனிக்கு நெட்வொர்க்: 20,000 ரூபாயில் எதை வாங்குவது, எதை விடுவது?

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனிகளுக்கும் ஆடிட்டர் ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஐந்து கம்ப்யூட்டரிலிருந்து இருபது கம்ப்யூட்டர் வரை உள்ள இடங்கள்தான் பெரும்பாலும். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பொருள்களின் விலை அடிக்கடி மாறுவதால் விலைப்பட்டியல் போடவில்லை. பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

மொத்தமே 20,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். எதில் போடுவது?

எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு கைரேகை மெஷின், பத்துப் பதினைந்து மொபைல் என்று ஒரு ஆபீஸை வைத்துக்கொள்வோம். கேமரா செலவு தனி. என் கணக்கில் பாதிப் பணம், அதாவது 10,000 ரூபாய், கேபிளுக்கும் பைப்புக்கும் ஐஓ பாக்ஸுக்கும் (கேபிள் செருகச் சுவரில் மாட்டும் பெட்டி) இழுக்கும் கூலிக்கும் போக வேண்டும். மீதியில் பாதி, இன்டர்நெட்டை ஆபீஸுக்குள் பகிர்ந்து கொடுக்கும் ரவுட்டருக்கு. மிச்சம் இருப்பதில், கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச்சும், வைஃபை கொடுக்கும் ஒரு ஆக்சஸ் பாயின்ட்டும்.

இதைச் சொன்னதும் முதலாளிகள் முகம் மாறும். “வயருக்கா பத்தாயிரம்? ரெண்டு ஆன்டெனா கூட வச்ச வைஃபை பெட்டி வாங்கிடலாமே!” என்பார்கள். சுவரில் மாட்டிய பெட்டியை நாளைக்கே கழற்றி வேறு மாட்டலாம், பத்து நிமிட வேலை. சுவருக்குள் பைப்பில் போன கேபிளை மாற்ற வேண்டுமென்றால் ஆபீஸை ஒரு நாள் மூட வேண்டும், பெயின்ட் அடித்தவரையும் மறுபடி கூப்பிட வேண்டும். அதனால் சிக்கனம் பிடிப்பதைப் பெட்டியில் பிடியுங்கள், கேபிளில் வேண்டாம்.

ஃபைபர் கனெக்‌ஷனோடு கொடுத்த பெட்டியே போதாதா?

நான்கைந்து பேர், ஒரே அறை என்றால் தாராளமாகப் போதும். அந்தப் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். ஃபைபரில் வரும் ஒளியை நெட்வொர்க் சிக்னலாக மாற்றுவதுதான் அதன் முதல் வேலை. கூடவே ரவுட்டர், வைஃபை, நான்கு போர்ட் எல்லாம் அதற்குள் திணிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் அது உங்கள் பொருள் அல்ல. அட்மின் பாஸ்வேர்டு பல நேரம் உங்களிடம் இருக்காது, அப்டேட் போடுவது இன்டர்நெட் கம்பெனி கையில். அந்தக் கம்பெனியை மாற்றினால் பெட்டி போய்விடும், வைஃபை பெயர், பிரின்டர் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி) எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். அதனால் பத்துப் பேரைத் தாண்டினால் தனி ரவுட்டர் வாங்கி, ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டு, சிக்னலை மட்டும் மாற்றிக் கொடுக்கும்படி) போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். கஸ்டமர் கேரில் அந்த வார்த்தை புரியவில்லை என்றால் லைன்மேனிடம் நேரே கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

கேட் 5இ போதுமா, கேட் 6 வேண்டுமா?

இவை கேபிளின் தர வகைகள். ஒரு கிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுபோக கேட் 5இ போதும். கேட் 6 என்றால் ஐம்பது மீட்டர் அளவுக்குள் 10 கிகாபிட் கூட ஓடும். சின்ன ஆபீஸுக்கு இன்றைக்கு அது தேவையில்லைதான். ஆனால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, இழுக்கும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். புதிதாக இழுப்பதென்றால் கேட் 6 போடுங்கள். ஏற்கெனவே நல்ல கேட் 5இ ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கேட் 6 என்று அச்சிட்டு, 305 மீட்டர் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். உள்ளே இருப்பது அலுமினியக் கம்பி, மேலே செம்பு முலாம். கடையில் சிசிஏ என்பார்கள், சில கடையில் அதையும் சொல்ல மாட்டார்கள். அலுமினியம் செம்பைப் போல மின்சாரம் கடத்தாது, ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்ட் கொடுத்தால் கம்பி சூடாகும், தூரத்துக் கேமரா ராத்திரியில் அணைந்து அணைந்து எரியும். இரண்டு முறை வளைத்தால் கம்பி முறியும். ஐஓ பாக்ஸில் கம்பியை அழுத்திப் பஞ்ச் பண்ணிய இடத்தில் ஒரு வருடம் கழித்துத் தொடர்பு விட்டுப்போகும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரு சாண் வயரை வெட்டி, ஒரு இழையின் தோலை உரித்து, பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் சரி. வெள்ளையாக மின்னினால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். அசல் செம்புப் பெட்டி தூக்கும்போதே கனக்கும். கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். நான் பாக்கெட்டில் பிளேடு வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

இன்னொன்று. ஒரு மேஜைக்கு ஒரு கேபிள் தேவையென்றால் இரண்டு இழுங்கள். இரண்டாவதற்கு வயர் காசு மட்டும்தான், கூலி கூடப் பெரிதாக ஏறாது.

ஸ்விட்ச் எது வாங்குவது? 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் பாதி விலைதானே?

கம்ப்யூட்டர்களுக்கு கிகாபிட் ஸ்விட்ச்தான். எட்டு போர்ட் சாதாரண கிகாபிட் ஸ்விட்ச், நல்ல பிராண்டே, 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதில் 500 ரூபாய் மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. டி-லிங்க், டிபி-லிங்க், நெட்கியர் எதுவானாலும் சரி, இரும்புக் கூடு போட்டது வாங்குங்கள். தேவைக்கு மேல் இரண்டு மூன்று போர்ட் இருக்கட்டும்.

மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்பை நாமே மாற்றக்கூடியது) வேண்டுமா என்றால், கேமராவையும் விருந்தாளி வைஃபையையும் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து விலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்) போட்டுப் பிரிக்க வேண்டும் என்றால் மட்டும். அதை அமைத்துத் தர ஆள் இல்லையென்றால் அந்தக் காசு வீண். ஆனால் சாதாரண ஸ்விட்ச்சிலும் ‘லூப் தடுப்பு’ இருக்கிற மாடல் கிடைத்தால் நூறு இருநூறு கூடப் போனாலும் வாங்குங்கள். காரணம் சொல்கிறேன்.

அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஆபீஸ். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. இன்டர்நெட் மட்டும் இல்லை, பக்கத்து மேஜை பிரின்டர் கூட வரவில்லை. நான் போய்ப் பார்த்தால் ஸ்விட்ச்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்தது போல மின்னிக்கொண்டிருந்தது. பூஜைக்காக மேஜை துடைத்த அக்கா, ஒரு வயரின் முனை சும்மா தொங்குவதைப் பார்த்து, பாவம், காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டார். வயரின் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது. உள்ளே போன செய்தி வெளியே வந்து, வெளியே வந்தது மறுபடி உள்ளே போய், சுற்றிச் சுற்றி நெரிசலாகிவிட்டது. இதுதான் லூப். வயரைப் பிடுங்கியதும் எல்லாம் சரி. வேலை இரண்டு நொடி, அதற்குள் அரை நாள் போயிருந்தது.

ஸ்விட்ச் கிகாபிட்தான், ஆனால் ஃபைல் காப்பி மெதுவாகப் போகிறதே?

ஸ்விட்ச்சின் விளக்கைப் பாருங்கள். பல மாடல்களில் கிகாபிட்டுக்கு ஒரு நிறம், நூறுக்கு வேறு நிறம், பெட்டியிலேயே போட்டிருக்கும். கிகாபிட் ஓட நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ் ஓட ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டு ஜோடி போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் லைன் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. முனையில் கனெக்டரை மறுபடி கிரிம்ப் அடித்தால் தீர்ந்தது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேபிள் டெஸ்டர் ஒன்றை ஆபீஸிலேயே வாங்கி வையுங்கள்.

ரவுட்டர் எந்த பிராண்ட்?

பிராண்டுக்கு முன்னால் ஒரு கேள்வி: அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது அப்டேட் வந்தது? கம்பெனியின் தளத்தில் அந்த மாடலின் டவுன்லோடு பக்கத்தைத் திறந்தால் தேதி இருக்கும். இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லையென்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

எனக்குப் பழக்கமானவை இரண்டு. லாட்வியா நாட்டு மைக்ரோடிக் கம்பெனியின் ஹெக்ஸ் போன்ற சிறிய ரவுட்டர். கையளவு பெட்டி, பெரிய ரவுட்டர் செய்கிற வேலையெல்லாம் செய்யும். ஆனால் அதன் அமைப்பு தெரியாதவர் கை வைத்தால் வெட்டவெளியில் கதவைத் திறந்து போட்டது போல ஆகிவிடும். அமைத்துத் தரவும் வருடத்துக்கு இரண்டு முறை வந்து பார்க்கவும் ஆள் இருந்தால் மட்டும் அது. இல்லையென்றால் டிபி-லிங்க்கின் ஓமாடா வரிசையில் ஈஆர்605. இரண்டு இன்டர்நெட் கனெக்‌ஷனைச் செருகி, ஒன்று போனால் மற்றொன்றுக்குத் தானாக மாறும்படி வைக்கலாம், ஓரளவு தெரிந்தவரே அமைத்துவிடலாம். இரண்டிலும் வைஃபை கிடையாது என்பதைக் கவனியுங்கள். அது குறையில்லை; வைஃபை பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

அப்டேட்டை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், 2018-ல் மைக்ரோடிக்கில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஏப்ரலிலேயே திருத்தம் வந்துவிட்டது. போடாமல் விட்ட ரவுட்டர்களை ஆகஸ்ட் வாக்கில் யாரோ பிடித்து, அவற்றைத் தாண்டிப் போகிறவர்களின் கம்ப்யூட்டரில் கிரிப்டோ காசு அடிக்க வைத்தார்கள். உலகம் முழுக்க இரண்டு லட்சத்துக்கு மேல். பெட்டி நல்ல பெட்டிதான், வாங்கி மாட்டியதோடு மறந்துவிட்டார்கள்.

மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரையே ரவுட்டர் ஆக்கினால் செலவே இல்லையே?

முடியும். ஓபிஎன்சென்ஸ், பிஎஃப்சென்ஸ் என்று இலவச மென்பொருள் உண்டு. இன்னொரு நெட்வொர்க் கார்டு போட்டால் அருமையான ஃபயர்வால் (வெளியாட்களைத் தடுக்கும் காவல்). எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் கரண்ட் பில் கணக்குப் போட்டேன். பழைய டெஸ்க்டாப் சும்மா இருந்தாலே 60 வாட் இழுக்கும் என்று வையுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட், வருடத்துக்கு 525 யூனிட். கமர்ஷியல் இணைப்பில் யூனிட் 9 ரூபாய் என்று வைத்தாலும் 4,700 ரூபாய்க்கு மேல். சின்ன ரவுட்டர் ஐந்து பத்து வாட்டில் முடித்துவிடும். அதாவது ‘இலவச’ ரவுட்டருக்கு வருடா வருடம் ஒரு புது ரவுட்டரின் விலையை மின்வாரியத்துக்குக் கட்டுகிறீர்கள்.

செகண்ட் ஹேண்டில் சிஸ்கோ ஸ்விட்ச் மலிவாக வருகிறதே? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்த்தேன்.

24 போர்ட் சிஸ்கோ 2960 என்று எழுதியிருப்பார்கள். அந்த வரிசையில் பல மாடல்களில் 24 போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்தான், ஓரத்தில் இருக்கும் இரண்டு மட்டும் கிகாபிட். எல்லாமே கிகாபிட் என்றால் 2960ஜி என்று இருக்கும். அந்த ஒரு எழுத்தைப் பார்க்காமல் காசு கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

சரி, நல்ல மாடலே கிடைத்தாலும் எங்கள் ஊருக்கு இன்னொரு தொல்லை. உள்ளே ஃபேன் ஓடும். பனியன் கம்பெனியில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்விட்ச்சைத் திறந்தேன். ஃபேன் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் தலையணை போல ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. கட்டிங், செக்கிங் நடக்கும் இடத்தில் ஃபேன் இல்லாத ஸ்விட்ச்தான் பிழைக்கும்.

வைஃபைக்கு எட்டு ஆன்டெனா வைத்த பெரிய பெட்டி ஒன்று வாங்கினால் முழு ஃபேக்டரிக்கும் வருமா?

வராது. கல்யாண மண்டபத்தில் மேடையில் மைக் பிடித்துப் பேசுபவர் குரல் கடைசி வரிசை வரை கேட்கும். கடைசி வரிசையில் இருப்பவர் வாயைத் திறந்து கேட்பது மேடைக்குக் கேட்குமா? பெட்டி எவ்வளவு கத்தினாலும், உங்கள் மொபைல் பதில் சொல்லும் பலம் மொபைலுடையதுதான். அதனால்தான் சிக்னல் கோடு நிறையத் தெரியும், ஆனால் ஒன்றும் திறக்காது.

ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு சின்ன ஆக்சஸ் பாயின்ட். இரண்டுக்கும் கேபிள் போக வேண்டும், உத்தரத்தில் மாட்ட வேண்டும். இரும்பு ரேக்குக்குப் பின்னாலோ பீரோவுக்கு மேலோ வைத்தால் அந்தப் பக்கம் இருட்டுதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை சேனல் 1, மற்றதை 6 அல்லது 11-ல் போடுங்கள். இடையில் உள்ள எண்களைப் போட்டால் பக்கத்து சேனலோடு சண்டை வரும். ஆபீஸ் லேப்டாப்புகளை 5 கிகாஹெர்ட்ஸில் ஏற்றிவிடுங்கள்.

கேபிள் இல்லாமல் ரிப்பீட்டர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரே ரேடியோ வைத்த ரிப்பீட்டர், கேட்டதையே திரும்பச் சொல்ல நேரம் எடுப்பதால் வேகம் பாதியாகும். செக்யூரிட்டி அறையில் வாட்ஸ்அப் பார்க்க மட்டும் என்றால் வையுங்கள். வைஃபை 7 வேண்டுமா? வேண்டாம், வைஃபை 6 போதும்.

பழைய வைஃபை ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். அதற்கு வேறு ஐபி கொடுத்து, டிஹெச்சிபியை (மற்ற பொருள்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, வான் போர்ட்டில் (இன்டர்நெட் வரும் ஓட்டை) அல்ல, லான் போர்ட்டில் (கம்ப்யூட்டர் செருகும் ஓட்டை) கேபிளைச் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும். பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது.

டேலி அடிக்கடி தொங்குகிறது. இன்டர்நெட் பிளானை உயர்த்தினால் சரியாகுமா?

ஆகாது. டேலி கோல்டு (பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணக்கு மென்பொருள்) போட்டு, ஒரு கம்ப்யூட்டரில் டேட்டா வைத்து, மற்றவர்கள் அதைத் திறக்கிறீர்கள். அந்தப் போக்குவரத்து ஆபீஸுக்குள்ளேயே நடக்கிறது, இன்டர்நெட்டைத் தொடுவதே இல்லை. டேட்டா இருக்கும் கம்ப்யூட்டர் வைஃபையில் இருந்தால் முதலில் அதைக் கேபிளுக்கு மாற்றுங்கள். வவுச்சர் சேமிக்கும் நேரத்தில் வைஃபை ஒரு நொடி விட்டுப்போனாலும் டேட்டா கெட்டுப்போகலாம். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் தேதி நெருங்கும்போது இது நடந்தால் அக்கவுன்டன்ட் முகத்தைப் பார்க்க முடியாது. என் கணக்கில் கேபிளுக்குப் பாதிப் பணம் போனதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

கேமராவையும் இதே ஸ்விட்ச்சில் செருகலாமா?

தனி ஸ்விட்ச் வையுங்கள். இங்கேதான் மலிவான 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சுக்கு வேலை. சாதாரண ஃபுல் ஹெச்டி கேமரா 4 எம்பிபிஎஸ் அளவுக்குத்தான் அனுப்பும். ஆறு கேமரா சேர்ந்தாலும் 24. பிஓஇ (கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் வசதி) இருக்கிற ஸ்விட்ச்சாக வாங்கினால் கேமராவுக்கெல்லாம் தனி அடாப்டர் வேண்டாம். போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கேமரா ஏழு வாட் எடுக்கும் என்றால் ஆறுக்கு 42 வாட். 60 வாட் ஸ்விட்ச் சரியாக இருக்கும். பெட்டியில் 802.3ஏஎஃப் அல்லது ஏடி என்ற தரம் போட்டிருக்க வேண்டும். ‘பாசிவ் பிஓஇ’ என்று இருந்தால் கவனம்: எதிரே என்ன இருக்கிறது என்று கேட்காமலே அது கரண்ட்டைத் தள்ளும், தப்பான பொருளைச் செருகினால் கருகிவிடும்.

கேமராவின் பாஸ்வேர்டை மாட்டிய அன்றே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அது கையில் வைத்திருந்தது, கம்பெனியில் போட்டு அனுப்பும் அறுபது சொச்சம் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் அடங்கிய ஒரு பட்டியல் மட்டும்தான்.

கரண்ட் போனால்?

ஓஎன்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கென்றே சின்ன யுபிஎஸ் வருகிறது, ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். வாங்குவதற்கு முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். 9 வோல்ட் பெட்டியும் உண்டு, 24 வோல்ட் அடாப்டரோடு வருவதும் உண்டு. ஜெனரேட்டர் இருக்கிறதே என்பார்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பத்துப் பதினைந்து நொடி போகும். பெட்டிகள் எல்லாம் அணைந்து, மறுபடி எழுந்து நெட் வர சில நிமிடம் ஆகும். சரக்கு வாங்கும் பையரோடு வீடியோ காலில் இருக்கும்போது அந்தச் சில நிமிடம் ரொம்ப நீளம்.

எதிர்க் கட்டடத்துக்கும் கேபிள் இழுக்கலாமா? நாற்பது மீட்டர்தான்.

தூரம் பிரச்சினை இல்லை, இடிதான் பிரச்சினை. வெட்டவெளியில் தொங்கும் செம்புக் கேபிள், பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே இரண்டு பக்க ஸ்விட்ச்சையும் சேர்த்துத் தூக்கிவிடும். ஐப்பசி மழையில் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். கேபிள் டிவிக்காரர்கள் போடும் அதே வகை ஃபைபரை இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஒளியையும் மின் சிக்னலையும் மாற்றிக் கொடுக்கும் பெட்டி) வையுங்கள். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் பாயாது. ஃபைபரைத் தாங்க இரும்புக் கம்பி சேர்ந்த வகையாக இருந்தால் அந்தக் கம்பியைப் பெட்டிக்கு முன்னாலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறார்களே?

இந்தப் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இல்லாமல் சாதாரணமாகப் பதிவு செய்தவர் என்றால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். பில் இல்லாவிட்டால் அதுவும் போச்சு, வாரண்டியும் போச்சு.

வேலை முடிந்ததும் போட்டுக் கொடுத்தவரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

எல்லாப் பாஸ்வேர்டும், உங்கள் பெயரில். ரவுட்டர் அமைப்பின் பேக்கப் ஃபைல் ஒன்று, உங்கள் மெயிலுக்கு. ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண். அந்த எண்ணும் அது போகும் மேஜையும் எழுதிய ஒரு தாள். போன மாதம் ஒரு இடத்தில் ரவுட்டர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. போட்டுக் கொடுத்த தம்பி துபாய் போய் இரண்டு வருடம். ரீசெட் அடித்து, பதினாறு கம்ப்யூட்டரையும் மறுபடி ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து, எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பொருள் செலவு ஒரு பைசா இல்லை, என் கூலி 2,500. இப்போது அந்தத் தாள் ஸ்விட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது.